லோர்னாவின் கைமணம்

மொன்றியலில், சென்ட் லோரன்டில் இருக்கிற பிலிப்பீனோக் கடையில் இப்போது முள் எடுத்த பாலை மீன் பையில் வருகிறது. காற்றை உறிஞ்சி இறுக்கிய பை. உள்ளே மீன், விரித்து வைத்த புத்தகம் மாதிரிக் கிடக்கும். போன மாதம் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்துக்குச் சமைக்க வந்த கேற்றரிங் பெடியள் இரண்டு பேர் அந்தப் பையை என்னிடம் காட்டினார்கள்.

"அங்கிள், நீங்கள் இந்த மீனைத் தோல் கிழியாமல் உள்ளுக்கை இருக்கிறதை எல்லாம் எடுத்து, முள்ளுப் பொறுக்கி, திருப்பி அதே தோலுக்குள்ளை வைக்கிறனீங்களாம். ஏன் அங்கிள்?"

எப்படி என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். ஏன் என்று கேட்டபடியால் எழுத வேண்டியிருக்கிறது.

பையில் வருவது நல்ல காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முட்களைப் பொறுக்கிய விரல்கள் என்னுடையவை. அவற்றுக்கு இதில் எந்த மனக்குறையும் இல்லை.

நான் பேசாலையில் பிறந்தவன். படிப்பு எட்டாம் வகுப்பில் நின்றது. நானாக நிறுத்தவில்லை, பள்ளிக்கூடத்துக்குள் ஆமி வந்து இருந்தது. பிறகு படகில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், துபாயில் ஒரு கட்டட வேலைக்காரர் முகாமில் பருப்புக் காய்ச்சுகிற வேலை, அங்கிருந்து கப்பல். ஓர் இடத்தில் இருக்க முடியாத வியாதி எனக்கு. சண்டையால் ஓடினேன் என்று அகதி விசாரணையில் சொன்னது உண்மை. சண்டை இல்லாவிட்டாலும் ஓடியிருப்பேனா என்று அவர்கள் கேட்கவில்லை.

கப்பல் ஒரு கிரேக்கனுடையது, கொடி பனாமாவுடையது, துரு எல்லோருக்கும் பொதுவானது. மாலுமிகள் அநேகமாக எல்லோரும் பிலிப்பீனோக்கள். நான் சமையலறையில் எடுபிடி. தலைமைச் சமையற்காரர் மங் ருடி. வயதில் மூத்த ஆணின் பெயருக்கு முன்னால் அவர்கள் போடுகிற மரியாதைதான் "மங்." குட்டையான மனிதர். அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருப்பார். கத்தியைத் தொட மாட்டார். ஒரு காலத்தில் தொட்டிருப்பார், நான் பார்த்ததில்லை. விரல் நீட்டி ஒன்றைக் காட்டவும் மாட்டார். உதட்டைக் குவித்து எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்தப் பக்கத்தில் உப்பு இருக்கும், அல்லது பிழை இருக்கும். அவர்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் திசை காட்டுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் நான் வேறு எதையோ நினைத்துப் பயந்துபோய் வெங்காய அறைக்குள் நின்றுகொண்டேன்.

அவர் அதிகம் பேசுவதில்லை. பேசினால் பெரும்பாலும் ஒரே சொல்: "உலிட்." மறுபடியும் என்று அர்த்தம். கோபமாகச் சொல்ல மாட்டார். பேருந்துத் தரிப்பிடத்தின் பெயர் சொல்வது மாதிரிச் சொல்வார்.

யாருக்காவது பிறந்தநாள் என்றால் கப்பலில் ரெலியெனோ செய்ய வேண்டும். அதுதான் இந்தப் பாலை மீன் சமையல். மீனின் செதிலை எடுக்கலாம், வயிற்றைக் கீறக்கூடாது. குடலைச் செவுள் வழியாகத்தான் இழுக்க வேண்டும். பிறகு மீனைப் படுக்க வைத்துக் கனமான போத்தலால் தலையிலிருந்து வால்வரை தட்ட வேண்டும். குழந்தையை நித்திரையாக்குகிற தட்டலுக்கும் கள்ளனைப் பிடித்தவன் போடுகிற அடிக்கும் நடுவில் ஒரு தட்டல் இருக்கிறது, அது. தசை தோலை விட்டுக் கழல்வது கைக்குத் தெரியும். கழுத்தடியிலும் வாலடியிலும் முதுகு முள்ளை மடித்து முறித்துவிட்டு, கழுத்துப் பக்கத்தால் நீளமான கரண்டிக் காம்பைத் தோலுக்கும் தசைக்கும் இடையே செலுத்தி, இரண்டு பக்கமும் வழித்து, வாலிலிருந்து மேலே பிதுக்கினால், பற்பசை வருவதுபோல் எல்லாம் முள்ளோடு வெளியே வரும். கையில் மிஞ்சுவது தலையும் வாலும் வைத்த ஒரு வெறும் பை. அதைத் தேசிக்காய்ப் புளியிலும் சோயா சோஸிலும் ஊறப் போட வேண்டும்.

தசையை அவித்து உதிர்த்து முள் பொறுக்குவது அடுத்த வேலை. மற்ற மீன்களுக்குக் கடவுள் முள்ளை அளந்து வைத்திருக்கிறார். பாலை மீனுக்கு அள்ளி எறிந்திருக்கிறார். அது முடிந்தால் உள்ளி, வெங்காயம், தக்காளி, பொடியாக வெட்டிய கரட், பச்சைப் பட்டாணி, எங்கள் ஆட்கள் பிளம்ஸ் என்று சொல்கிற உலர்ந்த திராட்சை, இவ்வளவையும் மீனோடு வதக்கி, ஆறவிட்டு, முட்டை சேர்த்துப் பிசைந்து, அந்தத் தோலுக்குள் திரும்ப அடைத்து, கழுத்தைத் தைத்து, முழு மீனாகப் பொரிக்க வேண்டும். மேசைக்கு வரும்போது இப்போதுதான் வலையிலிருந்து இறங்கியது மாதிரிக் கிடக்கும். வெட்டினால் உள்ளே கிறிஸ்மஸ்.

பேசாலையில் இதே மீனைப் புளி விட்டு ஆக்கி, முள்ளைத் துப்பிவிட்டு எழும்பிப் போவோம். அதனால் முதலில் எனக்கு இது விசர் வேலையாகத்தான் பட்டது. மங் ருடியிடம் ஒரு சட்டம் இருந்தது: தோலைக் கிழித்தவன் அந்த மீனை வெறுமனே அவித்து அன்றைய சாப்பாடாகச் சாப்பிட வேண்டும். நான் நெடுங்காலம் கிழிந்த மீனிலேயே வாழ்ந்தேன். ஒரு நாள் அவர் என் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உலிட்" சொல்லாமல் பாட்டுப் பாடப் போனார். அன்றைக்குத்தான் நான் சமையற்காரன் ஆனேன். சான்றிதழ் கேட்பவர்களுக்கு என்னிடம் காட்ட அதுதான் இருக்கிறது.

கப்பல் மொன்றியலில் கோதுமை ஏற்ற நின்றபோது சிகரெட் வாங்க இறங்கினேன். பிறகு சிகரெட்டையும் விட்டேன், கப்பலையும் விட்டேன். சென்ட் மிஷேலில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டினேன், மருந்துத் தொழிற்சாலையில் நிலம் துடைத்தேன், உணவகங்களில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினேன். இதிலெல்லாம் எழுத ஒன்றும் இல்லை. எல்லாரும் செய்ததுதான். வயது போன காலத்தில் பங்கில் ஒருவர் சொல்லி, இல்-பிசாரில் டொக்டர் மரியதாஸ் வீட்டில் வேலை கிடைத்தது. நான் இங்கே சொல்ல வந்தது அந்த வீட்டு அடுப்படியில் நடந்ததைத்தான்.

இல்-பிசார் அமைதியான தீவு. பெரிய தனி வீடுகள். பேருந்து எப்போதாவது வரும். வந்தாலும் அதில் அந்த வீடுகளில் வேலை செய்கிறவர்கள்தான் இருப்பார்கள். டொக்டர் வீட்டு நிலக்கீழ் அறையில் எனக்கு இடம் தந்தார்கள், என் பதவிக்குப் பெயர் இல்லை. பனி வழித்தேன், புல் வெட்டினேன், பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்குக் காரில் கொண்டுபோனேன். மிஸிஸ் மரியதாஸ் என்னை அந்தோனி அண்ணை என்றுதான் கூப்பிடுவார். "அண்ணை, உந்தக் குப்பையை ஒருக்கா வெளியிலை வைக்கிறீங்களே?" அண்ணை என்று சொல்லிக் கேட்டால் வேலை வேலை மாதிரித் தெரியாது. சம்பளமும் சம்பளம் மாதிரித் தெரியாது.

டொக்டரின் தகப்பனார் சக்கர நாற்காலியில் இருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், வீட்டில் எல்லோருக்கும் பெரியையா. அவரைப் பார்க்கத்தான் ஏஜென்சி மூலம் லோர்னா என்ற பிலிப்பீனோப் பெண் வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவளை, பெரியையாவுக்குச் சீனி போட்டுத் தேநீர் கொடுத்தாள் என்று மிஸிஸ் அனுப்பியிருந்தார். அவள் பெட்டிகளோடு பஸ் தரிப்பில் நின்றதைப் பார்த்துவிட்டு நான்தான் காரில் ஏற்றி மெட்ரோவில் இறக்கிவிட்டேன். இந்தக் கதையை லோர்னாவுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

லோர்னாவின் வேலை அனுமதியில் அந்த வீட்டின் பெயர் இருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் அங்கே ஓட்டினால் நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பிக்கலாம், ஊரில் தங்கையிடம் விட்டு வந்த மகளைக் கூப்பிடலாம். வீட்டை விட்டு அனுப்பினால் இன்னொரு வீடு தேட வேண்டும், மகள் இன்னும் வளர்ந்துவிடுவாள். அவளுக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

ஊரில் அவள் கோல் சென்ரரில் வேலை செய்தவள். அமெரிக்காக்காரருக்கு உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதானால் இவளைத்தான் போனில் கூப்பிடுவார்கள். மூன்று வேளையும் தெருக்கடையில் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவள். வந்த முதல் நாள் என்னிடம் வந்து, சோற்றுக் குக்கருக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்டாள். நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த இங்கிலிஷ். அதை என் தமிழிலேயே எழுதுகிறேன். என்னை அவள் குயா என்பாள். அவர்கள் பாஷையில் அதுவும் அண்ணைதான், ஆனால் குப்பை வெளியில் வைக்கச் சொல்ல மாட்டாள்.

வினை மிஸிஸ் யோகராஜா வீட்டிலிருந்து வந்தது. அவர் மிஸிஸ் மரியதாஸின் சிநேகிதி, அதாவது போட்டி. அவர் மகள் கோவிலில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில், அந்த வீட்டுப் பிலிப்பீனோப் பெண் மெலிதாகச் சுற்றிய ரோல்ஸ் பொரித்து வைத்தாள். எங்கள் ஆட்கள் ரோல்ஸ் சாப்பிட்டே வளர்ந்தவர்கள். எந்த விருந்திலும் ரோல்ஸ்தான் முதலில் வரும். அதையே ஒரு பிலிப்பீனோப் பெண் சின்னவிரல் அளவில் சுற்றியவுடன் அது வெளிநாட்டுப் பண்டமாகிவிட்டது. எல்லோரும் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து வீட்டுக்கு முன்னால் காரை விட்டு இறங்கும்போது மிஸிஸ் மரியதாஸ் சொன்னார்:

"அண்ணை, தபசுகால வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலை இருந்து வாற ஃபாதருக்கு எங்கட வீட்டிலை சாப்பாடு. இறைச்சி இல்லைத்தானே. லோர்னா அவையளின்ர மீன் ஒண்டு செய்வாள். யோகராஜா ஆக்களுக்கும் சொல்லியாச்சு."

லோர்னாவைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை.

உடுப்புத் தோய்க்கிற அறையில் லோர்னா என்னைப் பிடித்தாள்.

"குயா, எனக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதுவும் சில நேரம் வெடிக்கும்."

"சமையல் தெரியும் எண்டு ஏஜென்சிக்கு ஏன் சொன்னனீ?"

"நான் எங்கை சொன்னன்? அவையள் கேக்கவே இல்லை. எந்த நாடு எண்டு கேட்டினம், சொன்னன். சமையலை அவையளே சேர்த்துக்கொண்டினம்."

"மிஸிஸிட்டைச் சொல்லிப் பாப்பமே?"

அவள் யன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கிருந்து பஸ் தரிப்புத் தெரியும்.

வெள்ளி காலையில் மிஸிஸ் சிலுவைப்பாதைக்கும் அதைத் தொடர்ந்து தலைமுடி அலங்காரத்துக்கும் போனார். நான் கடையில் வாங்கிய பாலை மீன்களோடு அடுப்படிக்குள் இறங்கினேன். லோர்னா யன்னலடியில் காவல். எல்லாம் ஒழுங்காகப் போனது, பெரியையா நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வரும்வரை. நான் போத்தலால் மீனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடா அந்தோனி, அது செத்துத்தானே போச்சு. இன்னும் ஏன் அடிக்கிறாய்?"

லோர்னா வெளிறிப்போனாள். பெரியையா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தபால் கந்தோரில் நாற்பது வகைச் சனத்தைப் பார்த்த மனிதர், ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. மேசையில் ஒரு மீன் என் கையில் பிழைத்து வயிற்றுப் பக்கம் கிழிந்து கிடந்தது.

"உதை என்ன செய்யப் போறாய்?"

"ஒண்டும் இல்லை ஐயா."

"மிளகாய்த்தூள் உப்புப் போட்டுப் பொரிச்சு எனக்குத் தா. மருமகள் உப்பில்லாச் சாப்பாடு தந்து தந்து நாக்குச் செத்துப்போச்சு. நான் ஒண்டும் பாக்கேல்லை."

அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது ஒரு மீன் கிழிந்துகொண்டே இருந்தது. கிழிவது என் கையிலா அவர் கண்ணிலா என்று சொல்ல முடியாது.

அந்த முதல் வெள்ளி இரவு மேசையில் மீனை வைத்தபோது ஃபாதர், "ஆ, முழுமீன், முள்ளுப் பாத்துச் சாப்பிடோணும்" என்றார். மிஸிஸ் மரியதாஸ் கத்தியை எடுத்து நடுவில் வெட்டினார். கரட்டும் பட்டாணியும் பிளம்ஸும் தெரிந்தன. முள் இல்லை. ஃபாதர் சிலுவை அடையாளம் போட்டார். மிஸிஸ் யோகராஜா இரண்டாம் தரம் கோப்பையை நீட்டியபோது வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"எங்கட லோர்னாவின்ர கைமணம்," என்றார் மிஸிஸ் மரியதாஸ். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே அண்ணை, அவையளுக்கு இது ரத்தத்திலை இருக்கு. எங்கட ஆக்களுக்கு என்ன மீன் எண்டாலும் தூளைப் போடாமல் கை நிக்காது."

"ஓம்," என்றேன். என் நகக்கண்ணில் இன்னும் செதில் இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். லோர்னாவின் மீன் பங்கு முழுக்கப் பேச்சானது. திருமண நாள், பிறந்தநாள், டொக்டரின் ஆஸ்பத்திரி ஆட்கள் வந்த நாள் என்று மீன் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றபோது மிஸிஸ் யோகராஜா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "லோர்னா எங்களுக்கும் ஒருக்காச் சொல்லித் தரட்டுமேன். உங்கட வீட்டிலையே வைப்பம். நாங்கள் வந்து பாத்துப் பழகுறம்." கேட்ட விதத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. தன் வீட்டுப் பெண்ணிடம் விசாரித்திருப்பாரோ என்னவோ. மிஸிஸ் மரியதாஸ் அந்த இடத்திலேயே நாள் குறித்தார்.

லோர்னா அன்று சாப்பிடவில்லை. நான் அவளுக்குப் பழக்கிப் பார்த்தேன். அவள் தட்டிய மீன் தலை வேறாக வால் வேறாக வந்தது. இன்னொன்றைப் பிதுக்கியபோது அது கையை விட்டுப் பறந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. கையைக் கழுவிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

"குயா, உங்கட கப்பல் சமையற்காரர் எப்பிடித் தட்டுவார்?"

"அவர் தட்டமாட்டார். சாக்கிலை இருந்து எங்களுக்குச் சொல்லுவார்."

"தொடவே மாட்டாரோ?"

"நான் காணேல்லை."

அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "நான் வாழ்க்கையிலை ஒரு உடுப்புத் தோய்க்கிற மெஷினையும் திறந்து பாத்தவள் இல்லை, குயா. வருசக்கணக்கா அமெரிக்காக்காரருக்கு அதைத் திருத்தச் சொல்லிக் குடுத்தனான். அவையளும் திருத்தினவை." எழும்பி ஏப்ரனைக் கழற்றி என் கையில் தந்தாள். "நீங்கள் கட்டுங்கோ."

குறித்த நாளில் அடுப்படி முழுக்கப் பெண்கள். கையில் கைபேசி, காலில் வீட்டுக்காரி கொடுத்த செருப்பு. பெரியையாவையும் ஒரு மூலையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், காட்சிக்கு. நான் ஏப்ரனோடு மீன் முன்னால் நின்றேன். லோர்னா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல உடுப்பு, காதில் முத்து.

"தட்டுங்கோ," என்றாள். தட்டினேன். "மெல்ல. அது எதிரி இல்லை." பெண்கள் சிரித்தார்கள். "இப்ப கழுத்து." முறித்தேன். அடுத்து என்ன என்று அவளுக்கு மறந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. நான் கரண்டியைப் பார்த்தேன். உடனே உதட்டைக் குவித்துக் கரண்டிப் பக்கம் நீட்டினாள். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த உதட்டுக்குப் பணிந்து பழகிய முதுகு.

இப்படியே போனது. நான் அடுத்த பொருளைப் பார்ப்பேன், அவள் உதட்டால் காட்டுவாள், நான் எடுப்பேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தசை பிதுங்கி வெளியே வந்தபோது எல்லோரும் "ஆ" என்றார்கள். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல்:

"அந்தோனி, வழமை மாதிரி ஒண்டைக் கிழிச்சு வை."

மிஸிஸ் மரியதாஸ் திரும்பினார். "வழமை எண்டு என்ன மாமா சொல்லுறீங்கள்?"

பெரியையா தன் தவறைக் கண்டுகொண்டு உடனே நித்திரையாகிவிட்டார். லோர்னாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். என்ன சொன்னார் என்று இங்கிலிஷில் கேட்டாள். நான் சொன்னேன்.

"ஓம் மேடம்," என்றாள் சற்றும் தடுமாறாமல். "ஒவ்வொரு வெள்ளியும் இவருக்குப் பழக்குறன். வழமையா ஒண்டைக் கிழிச்சுப்போடுவார்."

பெண்கள் எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். மிஸிஸ் மரியதாஸ் பெருமையோடு பார்த்தார், லோர்னாவை.

ஆனால் மிஸிஸ் யோகராஜா விடவில்லை. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "எல்லாம் சரி. இப்ப லோர்னா தன்ர கையாலை ஒண்டு செய்யட்டும். வீடியோ எடுக்கோணும். இவரை எடுத்து என்ன பிரயோசனம்?"

இன்னொரு மீன் பலகையில் கிடந்தது. நான் போத்தலைக் கீழே வைத்தேன். வேறென்ன செய்ய? லோர்னா மீனைப் பார்த்தாள். பின்பு தலையை நிமிர்த்தினாள். அமெரிக்காக்காரரோடு பேசிப் பழகிய குரலில், ஆறுதலாகச் சொன்னாள்:

"மன்னிக்க வேணும் மேடம். எங்கட ஊரிலை ரெலியெனோவுக்குப் பொம்பிளை கை வைக்கக்கூடாது. பொம்பிளை நிண்டு சொல்லோணும், ஆம்பிளை செய்யோணும். கை வைச்சால் வீட்டுக்கு நல்லதில்லை."

நான் எத்தனையோ பிலிப்பீனோக்களோடு கடலில் கிடந்தவன். அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட வாய்ப்பும் இல்லை, அது அந்த நிமிடம்தான் பிறந்தது. ஆனால் எங்கள் ஆட்களிடம் காரணம் சொன்னால் கேள்வி கேட்பார்கள், வழக்கம் என்று சொன்னால் ஒதுங்கி நிற்பார்கள். மிஸிஸ் யோகராஜாவே ஓரடி பின்னால் போனார். "அது அவையளின்ர கலாசாரம்," என்றார் ஒருவர் மெதுவாக. "எவ்வளவு நல்ல கலாசாரம்," என்றார் இன்னொருவர், அதைவிட மெதுவாக.

அதன் பிறகு எங்கள் பங்கில் பல வீடுகளில் ரெலியெனோ செய்யத் தொடங்கினார்கள். மனைவிமார் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்கள், கணக்காளரும் பொறியியலாளருமான கணவன்மார் போத்தலால் மீனைத் தட்டினார்கள். ஒருவர் கை விரலில் கட்டோடு பூசைக்கு வந்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்றுவரை அந்த வழக்கத்தை மீறி மீனைத் தொட்ட ஒரு பெண்ணை நான் காணவில்லை.

லோர்னாவை இனி யாரும் அசைக்க முடியாது. மிஸிஸ் மரியதாஸ் அவளுக்குத் தேவையான இடத்திலெல்லாம் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார். காலம் முடிந்தது, நிரந்தர அனுமதி வந்தது. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை எடுத்துக்கொண்டு சென்ட் லோரன்டில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனாள். போகும்போது மிஸிஸ் கட்டிப்பிடித்து அழுதார். சிநேகிதி வீட்டு ரோல்ஸ்காரி இன்னும் இருக்கிறாளே என்ற துயரமும் அதில் இருந்தது.

அடுத்த கிழமையே என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, நீங்கள் இவ்வளவு காலமும் அவளுக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. ஒருக்காத் தனியச் செய்து பாருங்கோவன். சரி வந்தால் அடுப்படியை நீங்களே பாக்கலாம்."

எனக்கும் பனி வழிக்க முதுகு விடவில்லை. அடுப்படி வேலை கிடைத்தால் அந்த வீட்டிலேயே காலத்தை முடிக்கலாம் என்று நினைத்தேன். அதே கடை, அதே மீன், அதே போத்தல். முதல் தடவையாக என் பெயரில், அவர் பார்க்கச் செய்தேன். வெட்டி வைத்தேன். மிஸிஸ் ஒரு துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார்.

"பிழை சொல்ல ஏலாது அண்ணை," என்றார். "ஆனா லோர்னாவின்ர கை இல்லை. எங்கையோ சீரகம் மணக்குது."

சீரகப் போத்தல் அந்த அடுப்படியில் எந்த அலுமாரியில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பெரியையா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அடுப்படிக்கு ஏஜென்சி மூலம் வேறொரு பெண் வந்தாள். அவளுக்கு நான் இருந்த நிலக்கீழ் அறை தேவைப்பட்டது. நான் பெட்டியைக் கட்டினேன். அதோடு என் வேலைக்காலம் முடிந்தது.

சென்ட் லோரன்டில் இறங்கி லோர்னா வீட்டுக்குப் போனேன். மகள் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். பத்து வயதிருக்கும், மெலிந்த பிள்ளை. தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் இன்னும் விருந்தாளிகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவள் அல்லவா.

சீரகக் கதையைச் சொன்னேன். லோர்னா சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மகள் கைபேசியோடு வந்தாள். அதில் மிஸிஸ் யோகராஜா அன்று அடுப்படியில் எடுத்த வீடியோ. ஊரில் இருக்கும்போதே அதை எத்தனையோ தரம் பார்த்தாளாம். அவளுக்குத் தெரிந்த அம்மா அதில் நிற்கிற அம்மாதான்: காதில் முத்து, கட்டிய கை, ஒரு வெள்ளைத்தலைக் கிழவனை நடத்துகிற உதடு.

"இந்த ஆள்தானே அது?" என்று மகள் என்னைக் காட்டிக் கேட்டாள். "அம்மா, இந்த மீனை நீ எனக்கு எப்ப செய்து தருவாய்?"

லோர்னாவின் சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பஸ் தரிப்பைப் பார்த்த அதே கண். பிறகு மெல்லக் கையைக் கட்டினாள்.

"மேடம் சொன்னது சரிதான், குயா," என்றாள் கண்டிப்பாக. "நான் பக்கத்திலை நிக்கேல்லை. அதுதான் சரி வரேல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ. முதலிலையிருந்து சொல்லித் தாறன்."

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன். "எனக்கு இன்னும் பிடிபடேல்லை. ஞாயிறு வாறன்."